வெப்பமானியின் குமிழ் எங்கே நின்றது?

யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லாத தொண்ணூறுகளின் முற்பகுதியில்தான் நாங்கள் உயர்தரம் படித்தோம். இரவில் ஜாம் போத்தல் விளக்கு, பகலில் ஆய்வுகூடம். மண்ணெண்ணெயும் சவர்க்காரமும் கிடைக்காத அந்த நாட்களிலும் எங்கள் பௌதிக சேர் செய்முறை வகுப்பைக் கைவிட்டதில்லை. அவரிடம் கற்றவற்றில் இன்றுவரை என்னோடு வருவது பரப்பிழுவைப் பரிசோதனை, அதாவது நீரின் மேற்பரப்பு தன்னைச் சுருக்கிக்கொள்ள இழுக்கும் இழுவையை அளப்பது.

முதலில் மயிர்த்துளைக் குழாய் முறை, மெல்லிய கண்ணாடிக் குழாயில் நீர் எவ்வளவு உயரம் ஏறுகிறது என்று பார்ப்பது. எங்கள் கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புக்கல்லில் ஊறி வருவது. குழாய்க்குள் காய்ந்தால் வெள்ளையாகப் படிந்துவிடும். கண்ணாடி சுத்தமில்லை என்றால் நீர் கண்ணாடியைத் தொடும் தொடுகைக் கோணத்தைப் பூச்சியம் என்று எடுக்க முடியாது, கணக்கே பிழைக்கும். அதனால் சேர் கார்த்திகை மழைத் தண்ணீரைப் போத்தல்களில் பிடித்து மூடி வைத்திருப்பார். அதைத் தொட எங்களுக்கு அனுமதி இல்லை, அவரே ஊற்றித் தருவார்.

ஜேகர் முறைதான் அவருக்குப் பிடித்தது, எனக்கும் அதுதான். ஒடுங்கிய நுனியுள்ள குழாயை நீருக்குள் அமிழ்த்திக் காற்றை மெல்ல மெல்லத் தள்ளினால் நுனியில் ஒரு குமிழி வளரும். அது அரைக்கோளமாகும் கணத்தில் அமுக்கம் உச்சத்துக்குப் போகும். அதற்குப் பிறகு கழன்று மேலே வந்துவிடும். மனோமானி காட்டும் உச்ச அமுக்கத்திலிருந்து நுனியின் ஆழத்துக்குரிய அமுக்கத்தைக் கழித்தால், பரப்பிழுவையின் இருமடங்கை நுனியின் ஆரையால் வகுத்த அளவு மிஞ்சும். தொடுகைக் கோணம் பற்றிய கவலை இல்லை. ஒவ்வொரு குமிழியும் புதிய மேற்பரப்போடு பிறப்பதால் அழுக்குச் சேர நேரமும் இல்லை. எல்லாவற்றையும் விட, நீரைச் சூடாக்கி ஆறவிட்டு, ஆற ஆற அளந்துகொண்டே போகலாம்.

நீரின் பரப்பிழுவை 20 பாகை செல்சியசில் மீற்றருக்கு 72.8 மில்லிநியூற்றன். 60 பாகையில் அது 66.2 ஆகக் குறைந்துவிடும். சூடேறும்போது மூலக்கூறுகள் ஒன்றையொன்று பிடித்திருக்கும் பிடி தளர்வதுதான் காரணம். அரை மில்லிமீற்றர் விட்டமுள்ள நுனியில், 30 பாகைக்கும் 60 பாகைக்கும் இடையில் மனோமானியின் நீர்மட்ட வித்தியாசம் மாறுவது வெறும் 4 மில்லிமீற்றர் அளவுதான். அந்த 4 மில்லிமீற்றருக்குள் ஒரு நேர்கோட்டைக் கண்டுபிடிக்க வேண்டும். ஒருவர் நீர்மட்டத்தை வாசிக்கும் நகரும் நுணுக்குக்காட்டியில், ஒருவர் வெப்பமானியில், ஒருவர் கொப்பியில். மூச்சுக்கூடப் பெரிதாக விடமாட்டோம்.

அப்போதுதான் சேர் வந்து நிற்பார். "தம்பி, உம்மட வெப்பமானியின்ர குமிழ் எங்க நிக்குது?"

குமிழ் நீருக்குள் நிற்கும். நாங்கள் அளக்கும் இழுவையோ மேற்பரப்பில் இருக்கிறது. இரண்டும் ஒரே வெப்பநிலை என்று யார் சொன்னது? முகவையின் திறந்த மேற்பரப்பிலிருந்து நீர் ஆவியாகும்போது வெப்பத்தை எடுத்துக்கொண்டே போகும். 30 பாகையில் ஒரு கிராம் நீர் ஆவியாக ஏறத்தாழ 2430 யூல் வேண்டும். மீதி நூறு கிராம் நீரை 6 பாகை அளவுக்குக் குளிர வைக்க அது போதும். சோளகக் காற்றில் மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் இதே கணக்குத்தான். ஆகவே மேற்பரப்பு உள்நீரை விடக் குளிர்ந்திருக்கும். ஜேகர் முறையில் குமிழி நீருக்குள்ளேயே பிறப்பதால் இந்தச் சிக்கல் குறைவு. ஆனாலும் கொப்பியில் "நீரின் வெப்பநிலை" என்றுதான் எழுத விடுவார். "மேற்பரப்பின் வெப்பநிலை" என்று எழுதினால் வெட்டிவிடுவார்.

அக்னெஸ் பொக்கெல்சைப் பற்றியும் அவர்தான் சொன்னார். ஜேர்மனியில், பல்கலைக்கழகம் போக வழியில்லாத ஒரு பெண், வீட்டுச் சமையலறையில் ஒரு சிறு பொத்தானைத் தராசில் தொங்கவிட்டு நீர்ப்பரப்பின் இழுவையை அளந்தார். அவர் ஆங்கிலேயப் பௌதிகவியலாளர் றேலி பிரபுவுக்கு எழுதிய கடிதம் 1891இல் 'நேச்சர்' இதழில் வெளிவந்தது. வசதி இல்லை என்று நாங்கள் முணுமுணுக்கும் நாட்களில் சேர் இந்தக் கதையை எடுப்பார்.

இங்கே ரொறன்ரோவுக்கு வந்து, வண்ணப்பூச்சுகள் உலரும் விதத்தைப் பார்க்கும் வேலையில் சேர்ந்த பிறகுதான் அந்தக் கேள்வியின் ஆழம் புரிந்தது. இதே நகரின் பல்கலைக்கழகத்தில் ஃபாங், வார்ட் என்ற இருவர் மிக மெல்லிய வெப்பவிணையை (இரு உலோகக் கம்பிகளை இணைத்து வெப்பநிலையை அளக்கும் கருவி), ஆவியாகும் நீரின் மேற்பரப்புக்கு மிக அருகில் கொண்டுபோய் அளந்து 1999இல் வெளியிட்டார்கள். குறைந்த அமுக்கத்தில், மேற்பரப்பை ஒட்டிய ஆவி அதன் கீழுள்ள நீரைவிடச் சூடாக இருந்தது. வித்தியாசம் 8 பாகையை நெருங்கியது. பழைய கொள்கை எதிர்பார்த்ததற்கு அது நேர்மாறானது. அந்தக் கட்டுரையை வாசித்தபோது சேரை நினைத்து என் கண் கலங்கியது.

எங்கள் கல்லூரி ஆய்வுகூடத்துக்கு உதவுவது பற்றிப் பழைய மாணவர் சங்கம் பேசும்போதெல்லாம் பெரிய திரைகளும் கணினிகளும்தான் முதலில் பட்டியலில் ஏறுகின்றன. அவை வேண்டாம் என்று சொல்லவில்லை. அவற்றோடு ஒரு நல்ல நகரும் நுணுக்குக்காட்டியும், காய்ச்சி வடித்த நீர் எடுக்கும் சாதனமும், மெல்லிய வெப்பவிணைகள் சிலவும் சேர வேண்டும். வெப்பவிணைக் கம்பியும் அதை வாசிக்கும் மானியும் என் பொறுப்பு. மேற்பரப்பிலிருந்து கீழே மில்லிமீற்றர் மில்லிமீற்றராக இறக்கி, பிள்ளைகள் தாங்களே வரைபு கீறிப் பார்க்கட்டும்.