கேபிளைக் கடைசியில் தொடுங்கள்: ஹேண்ட்பிரேக் சரிசெய்த அனுபவம்

கடலூரில் ஹேண்ட்பிரேக் பாதி நாள் பேருக்குத்தான் இருக்கிறது. மஞ்சக்குப்பம், திருப்பாதிரிப்புலியூர், ஓ.டி. (ஓல்டு டவுன்) என்று எங்கே நிறுத்தினாலும் சமதரை. இழுத்தாலும் இழுக்காவிட்டாலும் வண்டி நிற்கும். அதனாலேயே அது மெல்ல மெல்லக் கெட்டுப்போவது நம் கண்ணில் படுவதில்லை. கேப்பர் மலை ஏற்றத்தில் நிறுத்தினால்தான் வண்டவாளம் தெரியும். என் வண்டி அங்கே லீவர் முழுக்க மேலே வந்த பிறகும் பின்னால் நழுவியது.

என்னுடையது பின்சக்கரத்தில் இழுக்கிற பழைய வேன். பின்னால் இரண்டுமே டிரம் பிரேக். பட்டறையில் காட்டினால் ஒரே வைத்தியம்தான்: "கேபிள் லூஸாயிருக்கு அண்ணே, ரெண்டு சுத்து முறுக்கிட்டா போதும்." முறுக்குவார்கள், கொஞ்ச நாள் பிடிக்கும், அப்புறம் லீவர் பழையபடி மேலே ஏறும். கேபிள் முனையில் மரையே தீரப்போகிறது என்ற நிலை வந்ததும், சரி, நாமே பிரித்துப் பார்ப்போம் என்று இறங்கிவிட்டேன்.

பிரிப்பதற்கு முன்னால் ஒரு சின்னச் சோதனை. பிரேக் பெடலை ஒரு தடவை மிதித்து அது எவ்வளவு கீழே போகிறது என்று பாருங்கள். பிறகு ஹேண்ட்பிரேக்கை நன்றாக இழுத்துப் பிடித்துக்கொண்டு மறுபடி மிதியுங்கள். இப்போது பெடல் சட்டென்று உயரத்திலேயே நின்றுவிட்டால், பின்சக்கர ஷூவுக்கும் (டிரம்மை உள்ளிருந்து அழுத்தி நிறுத்தும் வளைந்த துண்டு) டிரம்முக்கும் நடுவே இடைவெளி கூடிவிட்டது என்று அர்த்தம். ஹேண்ட்பிரேக் ஷூவை முன்கூட்டியே டிரம்மின் பக்கம் தள்ளி வைப்பதால் பெடலுக்கு வேலை குறைகிறது. என் வண்டியில் வித்தியாசம் நன்றாகவே தெரிந்தது. ஆக, கேபிளின் மேல் பழி போட்டது வீண்.

கேபிளை முறுக்குவது ஏன் பயனில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். டிரம்முக்குள்ளே ஒரு ஷூவோடு ஒரு நெம்புகோல் இருக்கிறது. கேபிள் அதைத்தான் இழுக்கிறது. ஹேண்ட்பிரேக்கை விட்டதும் அது முழுக்கப் பின்னுக்கு வந்து உட்கார வேண்டும். கேபிளை அளவுக்கு மீறி முறுக்கினால் அது பாதி இழுத்த நிலையிலேயே நின்றுவிடும். அப்படி நின்றால், ஷூவின் மேல் ஒட்டியிருக்கும் உரசு பட்டையான லைனிங் தேயத் தேய இடைவெளியைத் தானே அடைக்க வேண்டிய அட்ஜஸ்டர் சரியாக வேலை செய்யாது. ஷூ தேய்ந்துகொண்டே போகும், நாமும் கேபிளை முறுக்கிக்கொண்டே இருப்போம்.

வேலைக்கு வருவோம். ஹேண்ட்பிரேக்கை விட்டு, கியரை நியூட்ரலில் வைத்தால்தான் பின்சக்கரம் சுற்றும். அந்த நேரத்தில் வண்டியைப் பிடித்து நிறுத்த வேறு எதுவுமே இல்லை. முன்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள். ஜாக்கியில் தூக்கி, ஆக்ஸிலுக்கு அடியில் ஸ்டாண்டு வைத்த பிறகுதான் உள்ளே கை போகலாம். ஜாக்கியை மட்டும் நம்பிக் கை விடுவது எனக்குச் சம்மதமில்லை.

முதல் வேலை, கேபிள் நட்டை முழுக்கத் தளர்த்துவது. அதன் பிறகே சக்கரத்தைக் கழற்றினேன். டிரம் அசையவே இல்லை. தேவனாம்பட்டினத்து உப்புக்காற்று ஒரு பக்கம், ஒவ்வொரு மழைக்கும் முழங்கால் தண்ணீரில் ஓட்டுவது இன்னொரு பக்கம். டிரம்மின் உள் விளிம்பில் தேயாத ஓரம் வரம்பு மாதிரி துருவேறி நிற்கும், ஷூ அதில் மாட்டிக்கொள்ளும். சுத்தியலால் அடித்தால் டிரம் விரிசல் விடலாம். என் டிரம்மின் முகத்தில் மரை போட்ட இரண்டு ஓட்டைகள் இருந்தன. அவற்றில் 8 மி.மீ. போல்ட் இரண்டைப் போட்டு, இதில் கொஞ்சம் அதில் கொஞ்சம் என்று மாற்றி மாற்றி முறுக்கினால் டிரம் தானாக வெளியே வரும். அப்படித்தான் வந்தது.

உள்ளே கறுப்புத் தூசி. அதை ஊதவே கூடாது, பழைய லைனிங்கில் கல்நார் இருக்கலாம். ஈரத்துணியால் ஒற்றித் துடையுங்கள். டிரம் வெளியே இருக்கும்போது யாரும் பெடலை மிதிக்கக் கூடாது, ஷூவைத் தள்ளுகிற வீல் சிலிண்டரின் பிஸ்டன் வெளியே தெறித்துவிடும். வண்டிக்குள் உட்கார்ந்திருந்த பக்கத்து வீட்டுத் தம்பியை முதலில் கீழே இறக்கிவிட்டேன்.

லைனிங் பாதிக்கு மேலேயே இருந்தது. வீல் சிலிண்டரின் ரப்பரைத் தூக்கிப் பார்த்தேன், ஆயில் கசிவு இல்லை. நோய் அட்ஜஸ்டரில்தான். பல்சக்கரம் துருவில் இறுகி, விரலால் திருப்பினால் இம்மியும் நகரவில்லை. கழற்றி, கம்பி பிரஷ்ஷால் மரையைத் தேய்த்து, சூடு தாங்கும் பிரேக் கிரீஸ் லேசாகத் தடவியதும் சுழன்றது. பின்தகட்டில் ஷூ உரசுகிற மேடுகளிலும் ஒரு பொட்டு கிரீஸ் வைத்தேன், லைனிங்கில் படாமல். இடது அட்ஜஸ்டரும் வலது அட்ஜஸ்டரும் எதிரெதிர் மரை. அதனால் ஒரு பக்கத்தை முடித்துவிட்டுத்தான் அடுத்ததைப் பிரிக்க வேண்டும். பிரிக்காத பக்கம், ஸ்பிரிங் எது எங்கே மாட்டியிருக்கிறது என்று பார்த்துக்கொள்ளவும் உதவும்.

இடது பக்கத்தில் இன்னொன்றும் காத்திருந்தது. கேபிள் முனையைக் கையால் இழுத்தால் வந்தது, விட்டால் திரும்பிப் போகவில்லை. உறைக்குள்ளேயே துரு. எண்ணெய் விட்டு ஓட்டலாம் என்றார்கள், ஆனால் அது அடுத்த மழை வரைக்கும்தான். லாரன்ஸ் ரோட்டுப் பக்கம் போய்ப் புதுக் கேபிள் வாங்கி மாற்றிவிட்டேன்.

டிரம்மை மாட்டிய பிறகு பின்தகட்டு ஓட்டையின் ரப்பர் மூடியை எடுத்து, ஸ்குரூ டிரைவரால் பல்சக்கரத்தை ஒவ்வொரு பல்லாக நகர்த்தினேன். சக்கரத்தைக் கையால் சுற்ற முடியாத அளவுக்கு இறுக்கி, பிறகு லேசான உரசல் மட்டும் கேட்கும்வரை தளர்த்த வேண்டும். தளர்த்தும்போது பல்லைப் பிடித்திருக்கும் சின்னத் தகட்டை இன்னொரு மெல்லிய ஸ்குரூ டிரைவரால் ஒதுக்கிப் பிடிக்காவிட்டால் பல் மழுங்கிவிடும். தம்பியை மறுபடி ஏற்றிப் பெடலை நாலைந்து தடவை அழுத்தச் சொன்னால் ஷூ நடுவில் வந்து உட்காரும். பிறகு ஒரு தடவை சுற்றிப் பார்த்துக்கொள்ளுங்கள். என்னுடையது போல் பின்னால் இழுக்கிற வண்டியில் சக்கரத்தோடு ஆக்ஸில் நடுவிலிருக்கும் டிஃபரன்ஷியல் பல்சக்கரங்களும் சேர்ந்து சுற்றுவதால் எப்போதும் கொஞ்சம் கனமாகவே இருக்கும். அதைப் பிரேக் உரசல் என்று நினைத்து அதிகம் தளர்த்திவிடாதீர்கள். காதைத்தான் நம்ப வேண்டும்.

கேபிள் கடைசியில். லீவரை ஒரு க்ளிக் இழுத்தால் சக்கரங்கள் தாராளமாகச் சுற்ற வேண்டும். மூன்றில் உரச வேண்டும், ஐந்தாறில் இரண்டும் ஒருசேர நிற்க வேண்டும். இது என் கணக்கு, உங்கள் வண்டிக் கையேட்டில் போட்டிருக்கும் எண்ணிக்கையை எடுத்துக்கொள்ளுங்கள். லாக் நட்டை மறக்காமல் இறுக்குங்கள்.

பிறகு கொஞ்ச தூரம் ஓட்டி நிறுத்தி, இரண்டு டிரம்மின் பக்கத்திலும் கையைக் கொண்டுபோய்ப் பார்த்தேன். ஒன்று மட்டும் கொதித்தால் அந்தப் பக்கம் ஷூ ஒட்டிக்கொண்டே ஓடுகிறது என்று பொருள். இரண்டும் ஒரே மாதிரி வெதுவெதுப்பாக இருந்தன. பெடலும் மேலே வந்துவிட்டது. அதற்காக இறங்கவில்லை, கூடவே கிடைத்தது.

மழைக்காலத்தில் மட்டும் ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். தண்ணீரில் ஓட்டி வந்த இரவு ஹேண்ட்பிரேக்கை இழுத்துவிட்டுத் தூங்கப் போவதில்லை. ஈர ஷூ காலைக்குள் டிரம்மோடு துருவில் ஒட்டிக்கொள்ளும். தெருவுக்குள் திரும்பும் முன் பெடலை லேசாக அழுத்தியபடியே கொஞ்ச தூரம் ஓட்டிக் காயவைத்து, வீட்டு வாசல் சமதரை என்பதால் கியரில் போட்டு, சக்கரத்துக்கு ஒரு செங்கல் வைத்துவிடுகிறேன்.