350-ஐ 383 ஆக்கலாமா? என் கமாரோ இன்ஜின் வேலை இதுவரை

1978 செவர்லே கமாரோ காரின் 350 (கன அங்குலக் கொள்ளளவு) இன்ஜினைப் பிரித்து, அளந்து, ஷார்ட் பிளாக் வரை, அதாவது ஹெட் மாட்டாத கீழ்ப்பகுதி வரை, திரும்பக் கூட்டியாகிவிட்டது. கம்பெனியின் 3.48 அங்குல ஸ்ட்ரோக்கிலேயே (பிஸ்டன் மேலும் கீழும் போகும் தூரம்) விடுவதா, 3.75 அங்குல ஸ்ட்ரோக் தரும் கிராங்க் (பிஸ்டன்களின் அசைவைச் சுழற்சியாக்கும் தண்டு) போட்டு 383 ஆக்குவதா என்பதுதான் ஆரம்பத்திலிருந்த கேள்வி. 383 போட்டேன். ஆனால் எல்லோருக்கும் அதுவே சரி என்று சொல்ல மாட்டேன்.

செவர்லே 1970-இல், 350-இன் அதே ஸ்மால் பிளாக் குடும்பத்தில், 400 கன அங்குல இன்ஜினைக் கொண்டுவந்தது. அதன் கிராங்க்கில் மெயின் ஜர்னல் (பிளாக்கின் பேரிங்கில் உட்கார்ந்து சுழலும் பகுதி) 2.65 அங்குலம், 350-இல் 2.45. ஜர்னலை லேத்தில் சீவி 350 பிளாக்கில் உட்கார வைத்தார்கள். 383 பிறந்தது அப்படித்தான். இப்போது அந்தச் சீவலுக்கு வேலையே இல்லை, 350 பிளாக்குக்கென்றே வார்த்த 3.75 கிராங்க் தாராளமாகக் கிடைக்கிறது.

காசு போடும் முன் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். போரை (சிலிண்டர் விட்டத்தை) 0.030 அங்குலம் பெரிதாக்கினால் 350 எப்படியும் 355 ஆகிவிடும். ஆக, 383-ஐ ஒப்பிட வேண்டியது 355-உடன்தான். வித்தியாசம் 28 கன அங்குலம், சுமார் 8 சதவீதம். இழுவையிலும் ஏறக்குறைய அவ்வளவுதான் கூடும். தேய்ந்த பழைய 350-ஐ ஓட்டிவிட்டு, புது ஹெட்டும் (சிலிண்டர்களின் மேல்மூடி) புது கேமும் (வால்வுகளைத் திறக்கும் தண்டு) போட்ட 383-இல் ஏறிய ஆள், வந்த பலம் முழுவதையும் ஸ்ட்ரோக் கணக்கில் எழுதிவிடுகிறார். பாதிக்கு மேல் ஹெட்டின் வேலை அது.

என்னைத் திருப்பியது அளவுக்கருவிதான். சிலிண்டர்கள் மேலே அகன்றும் கீழே குறுகியும் தேய்ந்திருந்தன, போரிங் தவிர்க்க முடியாது. கிராங்க்கில் ராடு (பிஸ்டனைக் கிராங்க்கோடு இணைப்பது) மாட்டும் ஜர்னல்களில் கீறல், அதையும் சாணை பிடித்தாக வேண்டும். பிஸ்டன் புதுசு, ராடுக்கு புது போல்ட், பெரிய முனையைச் சீர்செய்யும் கூலி. இத்தனையையும் கூட்டிப் பார்த்தால், கிராங்க்கும் ராடும் பிஸ்டனும் சேர்ந்து வரும் 3.75 கிட்டுக்கும் இதற்கும் பெரிய இடைவெளி இல்லை. கிராங்க் மட்டும் நன்றாக இருந்திருந்தால் 355-இலேயே நின்று, மீந்த பணத்தை ஹெட்டில் போட்டிருப்பேன்.

வண்டியின் சுபாவமும் பெரிய ஸ்ட்ரோக்கின் பக்கம் சாய்ந்தது. டிஎச்350 கியர்பாக்ஸ், ஓவர்டிரைவ் (இன்ஜின் வேகத்தைக் குறைக்கும் கூடுதல் கியர்) கிடையாது, பின் அச்சு விகிதம் 3.08. நெடுஞ்சாலையில் 65 மைலில் போகும்போது இன்ஜின் 2,600 ஆர்பிஎம் பக்கம் ஓடும். ஆகஸ்டில் டெட்ராய்ட்டின் உட்வார்ட் அவென்யூவில் டிரீம் குரூஸ் என்னும் பழைய கார் ஊர்வலக் கூட்டத்தில் ஊர்வது இன்னும் கீழே. 6,000-க்கு மேல் எகிறும் இன்ஜினை வைத்துக்கொண்டு அங்கே என்ன செய்வது? 1,500 முதல் 4,000 வரை இழுக்கிற இன்ஜின்தான் எனக்கு வேண்டும்.

அதிக நேரம் தின்றது இடைவெளி பார்க்கும் வேலை. ஸ்ட்ரோக் 0.27 அங்குலம் கூடினால் ராடு போல்ட் ஒவ்வொரு பக்கமும் அதில் பாதி தூரம் வெளியே வரும். பிளாக்கின் அடியில், எண்ணெய்த் தொட்டி உட்காரும் விளிம்பில் அது இடிக்கும். ரிங் போடாமல் பிஸ்டனையும் ராடையும் கிராங்க்கில் மாட்டி, கையால் மெல்லச் சுற்றி, இடிக்கும் இடத்தில் மார்க்கரால் கோடிட்டு, டை கிரைண்டரால் குழித்தேன். 0.060 அங்குலக் கம்பி தடையில்லாமல் நுழையும் வரை விடவில்லை. அடுத்தது கேம். 1, 2, 5, 6-ஆம் சிலிண்டர்களின் ராடு போல்ட்டுகள்தான் கேமின் புடைப்புக்கு (லோப்) மிக அருகில் வருபவை. கேமை டைமிங் செயினோடு சேர்த்து மாட்டிச் சுற்றினால்தான் உண்மை தெரியும், வெறும் கேமை வைத்துப் பார்ப்பதில் பயனில்லை. தலை மெலிந்த போல்ட் கொண்ட ராடுகளை முதலிலேயே வாங்கியிருந்ததால் கேமை மாற்ற வேண்டியிருக்கவில்லை. இதெல்லாம் முடிந்தபின் வெந்நீரும் சோப்பும் போட்டு, துணியில் கறை ஒட்டாமல் போகும் வரை பிளாக்கைக் கழுவினேன். ஒரு துளி இரும்புப் பொடி உள்ளே தங்கினாலும் புது பேரிங் போய்விடும்.

ராடு 5.7 அங்குலம். 6 அங்குல ராடு போட்டால் பிஸ்டனின் பின் மேலே ஏறி ஆயில் ரிங் பள்ளத்தைத் தொடும். பல வருடம் தெருவில் ஓட வேண்டிய வண்டிக்கு அது தேவையில்லை என்பது என் முடிவு. பேலன்ஸிங்கை உள்ளேயே, அதாவது கிராங்க்கிலேயே முடிக்கச் சொன்னேன். 400 போல வெளியே எடை வைத்துச் சமன் செய்யும் கிட் மலிவு; ஆனால் அதற்கேற்ற ஹார்மோனிக் பேலன்ஸரும் ஃபிளெக்ஸ் பிளேட்டும் (கிராங்க்கின் முன்னும் பின்னும் மாட்டுபவை) தனியாக வாங்க வேண்டும்.

ஹெட் விஷயத்தில் தயங்கவே இல்லை. வண்டியோடு வந்தவை 882 என்ற எண் கொண்ட வார்ப்பு, 76 சிசி எரிப்பறை, விரிசல் விடுவதில் பேர் போனவை. அவற்றை ஓரம் கட்டிவிட்டு, 1996 முதல் செவர்லே டிரக்குகளில் வந்த வோர்டெக் ஹெட்டை எடுத்தேன். அறை 64 சிசி. இங்கேதான் ஸ்ட்ரோக் கூட்டிய (ஸ்ட்ரோக்கர்) இன்ஜின் காலை வாரிவிடும்: அதே ஹெட், தட்டைப் பிஸ்டன், சிலிண்டர் பெரிது என்றால் கம்ப்ரஷன் விகிதம் 11-ஐத் தாண்டிவிடும். இரும்பு ஹெட்டுக்கும் பம்ப் பெட்ரோலுக்கும் அது ஆகாது. அதனால் 18 சிசி குழிவான பிஸ்டன், டெக்கை (பிளாக்கின் மேல்தளத்தை) சமமாகச் சீவல், 0.040 அங்குலக் கேஸ்கெட். கணக்கில் 9.6 வருகிறது.

ஃபோர்டு 302 வைத்திருக்கும் நண்பருக்கு வேறு பதில் சொன்னேன். அதன் ஸ்ட்ரோக் 3.00 அங்குலம்தான், 347 ஆக்கினால் 3.40. போரிங்குக்குப் பிந்தைய 306-உடன் ஒப்பிட்டால் 13 சதவீதம் கூடுகிறது. அங்கே கிராங்க் நன்றாக இருந்தாலும் மாற்றுவதை யோசிக்கலாம்.

இனி ஹெட்டைப் பூட்ட வேண்டும், வோர்டெக்குக்கு உரிய இன்டேக் மேனிஃபோல்டை (ஹெட்டுக்குள் காற்று போகும் குழாய்த்தொகுதி) மாட்ட வேண்டும். கேம் ஃபிளாட் டேப்பட் வகை (டேப்பட் உருளாமல் உரசும் வகை) என்பதால் துத்தநாகம் கூடிய எண்ணெய் ஊற்றி, ஸ்டார்ட் ஆன கணமே 2,000 ஆர்பிஎம்முக்கு ஏற்றி, ஐடிலுக்கு விடாமல் 20 நிமிடம் ஓட்ட வேண்டும். ரேடியேட்டரையும் இக்னிஷன் டைமிங்கையும் அதற்கு முன்பே சரிபார்த்து வைக்கப்போகிறேன்.