கதவுக் கோட்டில் தெரியும் கைத்திறன்

மாதிரிக் கார் ஒன்றைக் கையில் எடுத்தால், நிறத்துக்கும் சக்கரங்களுக்கும் முன்பாக நான் பார்ப்பது கதவைச் சுற்றியுள்ள கோட்டைத்தான். அசல் காரில் அந்த இடைவெளி 4 மில்லிமீட்டர் என்றால், 1:24 அளவில், அதாவது அசலில் 24-ல் ஒரு பங்காக, அது ஏறத்தாழ 0.17 மில்லிமீட்டராகச் சுருங்கிவிடுவதால், பெயின்ட்டைச் சற்றுத் தடிமனாக அடித்தாலே கோடு தூர்ந்து, கார் வெறும் பொம்மையாகிவிடுகிறது. ஆகவே பிரைமர் என்னும் அடிப்பூச்சை அடிப்பதற்கு முன்பே கூரிய கருவியால் கோடுகளை ஆழப்படுத்திவிட்டு, பெயின்ட்டை நீர்க்கக் கலந்து, ஒரு பூச்சு காய்ந்த பிறகே அடுத்ததை அடிக்கிறேன். அவசரத்துக்கு இங்கே இடமே இல்லை. கண்ணாடிப் பாகங்களை ஒட்டச் சூப்பர் க்ளூ வேண்டாம். அதன் ஆவி படிந்து வெண்மை பூத்துவிடும். காய்ந்தால் தெளிவாகிவிடும் வெள்ளைப் பசையே போதும்.

சேகரிப்பில் எனக்கு 1:43 அளவின்மீது தனிப் பற்று உண்டு. ஓ கேஜ் என்னும் தண்டவாள அகலத்தில் ஓடும் மாதிரி ரயில்களுக்குத் துணையாக வந்த அளவு அது, 4.3 மீட்டர் நீளமுள்ள கார் 10 சென்டிமீட்டரில் அடங்கிவிடும். உருக்கிய உலோகத்தை அச்சில் வார்த்துச் செய்த பழைய டை-காஸ்ட் கார்களை வாங்குவோர் மட்டும் அடிப்பாகத்தை உருப்பெருக்கியால் பார்த்துவிட வேண்டும். அவை வார்க்கப்பட்ட துத்தநாகக் கலவையில் ஈயம் போன்ற மாசு சேர்ந்திருந்தால், உலோகம் உள்ளிருந்தே விரிசல் விட்டு நொறுங்கத் தொடங்கும். அதைச் சரிசெய்ய வழியில்லை. ஈரமும் வெப்பமும் அச்சிதைவை விரைவுபடுத்துவதால், இந்தக் கார்களை உலர்ந்த, குளிர்ச்சியான அலமாரியில் வைப்பதே நல்லது.