ஒரே அடுப்புப் புகை, அக்காவுக்கு மட்டும் இரைப்பு

அம்மாவுக்கு 68 வயது. சாயல்குடிப் பக்கம் முப்பது வருடம் பதநீர் காய்ச்சி, சிரட்டையில் கருப்பட்டி ஊற்றியவர். அம்மாவின் தங்கை சின்னம்மாவுக்கும் அதே விடிலி (பதநீர் காய்ச்சும் குடிசை), அதே புகை. சின்னம்மா இன்னும் தண்ணீர்க் குடம் தூக்குகிறார். அம்மாவுக்கோ வாசற்படி ஏறினாலே இரைக்கும்.

இரண்டு வருடம் ஓரிடத்தில் ஆஸ்துமா என்று மருந்து கொடுத்துக்கொண்டே இருந்தார்கள். ஒருமுறைகூட ஊதவைத்துப் பார்க்கவில்லை. அந்த வருத்தம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

அப்புறம் இராமநாதபுரத்தில் நெஞ்சக மருத்துவர் ஒருவர் ஸ்பைரோமெட்ரி, அதாவது ஊதவைத்து மூச்சை அளக்கும் பரிசோதனை, எழுதிக்கொடுத்தார். காலையில் இன்ஹேலர் இழுக்காமல் வரச் சொன்னார்கள். மூக்கில் கிளிப் மாட்டி, வாயில் அட்டைக் குழாய் கொடுத்ததும் அம்மா கன்னத்தை உப்பிக்கொண்டு, ஊதாங்குழலில் அடுப்பு ஊதுவதுபோல விட்டுவிட்டு ஊதினார். "அப்படி இல்லம்மா, நெஞ்சு நிறைய இழுத்து ஒரே மூச்சா தள்ளுங்க, தள்ளுங்க, இன்னும் தள்ளுங்க" என்று பரிசோதனை செய்த பெண்ணும் கூடவே மூச்சுப் பிடித்துக் கத்தினார். ஆறு விநாடியாவது ஊத வேண்டும். நான்காவது தடவைதான் கோடு ஒழுங்காக விழுந்தது. மூன்று நல்ல ஊதல் கிடைக்கும்வரை விடவில்லை. மூச்சுக்குழாயை விரிக்கும் சால்பியூட்டமால் மருந்து கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடியும் அதே பாடு. முதல் விநாடியில் வந்த காற்றை மொத்தக் காற்றால் வகுத்தால் 0.58. மருந்துக்குப் பிறகும் 0.70-க்குக் கீழே என்றால் சிஓபிடி, அதாவது மூச்சுப்பாதை அடைபட்டே இருக்கும் நாள்பட்ட நுரையீரல் நோய். பீடியைத் தொட்டே பார்க்காத அம்மாவுக்கு!

"சின்னம்மாவுக்கு ஏன் வரல?" என்று மருத்துவரிடம் கேட்டேன். நுரையீரல் இருபது, இருபத்தைந்து வயதுவரை வளர்ந்து, பிறகு மெல்லக் குறையும். எவ்வளவு வளரும், எவ்வளவு வேகமாகக் குறையும் என்பதில் மரபணுவுக்கும் பங்குண்டு என்றார். நூற்றுக்கணக்கான சின்ன மாற்றங்கள், ஒவ்வொன்றாலும் வருவது துளி வித்தியாசம்தான். கூடப் பிறந்தவர்களுக்கும் அந்தக் கலவை ஒன்றுபோல அமையாது. அதன்மேல் புகை வேறு.

ஒற்றை மரபணுவே பெரிதாகக் கெடுப்பதும் உண்டு: ஆல்ஃபா-1 ஆன்டிட்ரிப்சின் குறைபாடு. கல்லீரல் சுரக்கும் அந்தப் புரதம்தான் நுரையீரலை அரிக்கும் நொதியைத் தடுக்கிறது. 1963-இல் சுவீடனில் கண்டறிந்தது. நம் நாட்டில் அபூர்வம். இருந்தாலும் சிஓபிடி உள்ளவர்கள் ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்றார். ரத்தம் மதுரைக்குப் போய், ஆறாம் நாள் முடிவு வந்தது. அளவு சரியாக இருந்தது. பேருந்து நிலையத்திலேயே, என் பிள்ளைகளை நினைத்து நிம்மதியில் அழுதுவிட்டேன்.

இப்போது வீட்டில் கேஸ் அடுப்பு. அம்மா தினமும் இன்ஹேலர் இழுத்ததும் வாய் கொப்பளிக்கிறார். "எனக்கென்ன கேடு" என்றிருந்த சின்னம்மாவையும் ஒருவழியாகச் சம்மதிக்க வைத்துவிட்டேன். வெள்ளிக்கிழமை அவரும் ஊதப் போகிறார்.