நரசிம்மவனத்தில் பாரதியும் தீர்த்தரும்

சாரதாம்பாளைத் தரிசித்த கையோடு பஸ் ஏறிவிடுகிறவர்கள் சிருங்கேரியில் பாதியைத்தான் பார்த்திருக்கிறார்கள். துங்கா நதிப் பாலத்தைக் கடந்தால் நரசிம்மவனம். சிருங்கேரி சங்கர மடத்தின் முந்தைய ஆசாரியர்களின் அதிஷ்டானங்கள், அதாவது சமாதிகள், அங்கே இருக்கின்றன. என் மனம் நிலைகொண்டது அங்கேதான்.

ஒவ்வொரு அதிஷ்டானத்தையும் வலம்வந்து, அந்தந்த ஆசாரியரின் திருநாமத்தைச் சொல்லி வணங்கினேன். 1912இல் சித்தியடைந்த சச்சிதானந்த சிவாபிநவ நரசிம்ம பாரதீ, அவருக்குப் பின் பீடமேறிய சந்திரசேகர பாரதீ, 1989 வரை பீடத்தை அலங்கரித்த அபிநவ வித்யாதீர்த்தர். வாய்விட்டுச் சொல்லும்போதுதான் உறைத்தது: இருவர் பாரதி, ஒருவர் தீர்த்தர்!

தீர்த்தம், ஆசிரமம், வனம், ஆரண்யம், கிரி, பர்வதம், சாகரம், சரஸ்வதி, பாரதி, புரி என்று ஆதிசங்கரர் வழிவந்த தசநாமி சந்நியாசிகளுக்குத் துறவுப் பெயரோடு சேரும் பத்துப் பெயர்கள். இவற்றில் கடைசி மூன்றும் சிருங்கேரிக்கு உரியவை என்பது, சங்கர மடங்களின் நெறிகளைச் சொல்லும் மடாம்னாய மரபு. ஆனாலும் 14ஆம் நூற்றாண்டில் இதே பீடத்தை அலங்கரித்தவர் வித்யாரண்யர்; அவர் பெயரில் இருப்பதோ ஆரண்யம். அவருக்கு முன் இருந்தவர்கள் வித்யாசங்கர தீர்த்தரும் பாரதீ கிருஷ்ண தீர்த்தரும். ராமகிருஷ்ண பரமஹம்சருக்குச் சந்நியாசம் அளித்த தோதாபுரியால் ராமகிருஷ்ண மடத்துத் துறவிகளும் புரி மரபினரே. பெயரோடு சேர்த்து எழுதுவதில்லை, அவ்வளவுதான்.

வித்தையின் பாரத்தால் நிறைந்து, மற்றெல்லாப் பாரங்களையும் இறக்கிவைத்து, துன்பத்தின் பாரத்தை அறியாதவரே பாரதி. 'தத்துவமஸி' முதலான உபநிடத மகாவாக்கியங்கள் என்னும் திரிவேணியில் மெய்ப்பொருளை உணர்ந்து நீராடுகிறவர் தீர்த்தர். மரபு தரும் விளக்கம் இது. விவேகசூடாமணிக்கு உரை செய்துவிட்டு, மனம் உள்நோக்கி அந்தர்முகமாகவே வாழ்ந்த சந்திரசேகர பாரதீ சுவாமிகளின் அதிஷ்டானத்தின் முன் நின்றபோது, 'பாரதி' என்பதற்கு வேறு விளக்கமே எனக்குத் தேவைப்படவில்லை.

இப்போதைய ஆசாரியர் பாரதீ தீர்த்த சுவாமிகள். அவரிடம் 2015இல் சந்நியாசம் பெற்றவர் விதுசேகர பாரதீ சுவாமிகள். பக்தர்கள் இந்தத் திருநாமங்களை அங்கே அதிகம் உச்சரிப்பதில்லை. மூத்தவரை மகாசந்நிதானம் என்றும் இளையவரைச் சந்நிதானம் என்றும்தான் குறிப்பிடுகிறார்கள். அந்தப் பணிவு எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

பூணூல் அணிந்த பிள்ளைகளை அழைத்துச் செல்கிறவர்கள் ஒன்றை முன்பே சொல்லிக்கொடுங்கள். வீட்டுப் பெரியவர்களுக்குக் கோத்திரமும் பெயரும் சொல்லி அபிவாதனம் செய்வதுபோல யதிகளுக்கு, அதாவது துறவிகளுக்கு, செய்யக்கூடாது. பூர்வாசிரமப் பெயரையே துறந்துவிட்டவர் முன்னால் நம் குலப்பெருமைக்கு என்ன இடம்? நமஸ்காரம் செய்து எழுந்தால் போதும், 'நாராயண' என்பார்கள்.