கூலர் பழுதில்லை: 20 பாகை வித்தியாசத்துக்காக ஒரு வீண் அலைச்சல்

பழைய ரைசன் 7 1700எக்ஸ் புரொசசரை வைத்து வீட்டிலேயே பொருத்திய சேமிப்புச் சேர்வருக்கு, தேவையே இல்லாத கூலர் (புரொசசரைக் குளிர்விக்கும் கருவி) ஒன்றை என் தலையில் கட்டப் பார்த்தார்கள் என்ற கோபம் இன்னும் ஆறவில்லை.

டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தில், வெப்பநிலைகளைக் காட்டும் எல்எம்-சென்சர்ஸ் மென்பொருளை நிறுவி, உணரிகளைத் தேடும் சென்சர்ஸ்-டிடெக்ட் கட்டளையை ஓட்டியது வரை ஒரு சிக்கலும் இல்லை. வன்தட்டுகளின் தரவுச் சரிபார்ப்பு ஓடிக்கொண்டிருந்தபோது பார்த்தால், டிசிடிஎல் என்ற வரி 84 பாகையையும் டிடை என்ற வரி 64 பாகையையும் காட்டின. இரண்டில் எது சரி என்று கேட்பதற்காக, பாரமான பெட்டியை முச்சக்கர வண்டியில் ஏற்றி யாழ். நகரிலுள்ள ஒரு கடைக்குக் கொண்டுபோனேன்.

அங்கிருந்தவர் மேல் வரியை மட்டும் பார்த்துவிட்டு, "அண்ணை, இது எரியிற நிலைமை, கூலர் மாத்த வேணும்" என்றார். ஆக்ஸ்டின் என்ற வரியில் 100 பாகைக்கு மேல் இருந்ததைக் காட்டி, மதர்போர்ட்டும் பழுது என்றார். கீழ் வரியைப் பற்றி எத்தனை முறை கேட்டும் பதில் வரவில்லை. எதையும் வாங்காமல் பெட்டியோடு திரும்பினேன்.

விடை 2017 இல் ரைசனைத் தயாரிக்கும் ஏஎம்டி நிறுவனமே கொடுத்த விளக்கத்தில் இருந்தது. மின்விசிறிக் கட்டுப்பாடு எல்லா ரைசன்களிலும் ஒரே மாதிரி இயங்க வேண்டும் என்பதற்காக, 1600எக்ஸ், 1700எக்ஸ், 1800எக்ஸ் ஆகியவற்றின் டிசிடிஎல் அளவு உண்மையான வெப்பநிலையை விட 20 பாகை கூட்டியே காட்டப்படுகிறது. டிடைதான் உண்மை. 95 பாகை வரை தாங்கும் புரொசசருக்கு 64 ஒரு பிரச்சினையே அல்ல. ஆக்ஸ்டின் என்பது கண்காணிப்புச் சிப்பின் துணை உள்ளீடு; அதில் உணரி எதுவும் இணைக்கப்படாத மதர்போர்ட்டுகளில் வரும் எண்ணுக்குப் பொருளே கிடையாது.

கணினி தொடங்கும்போது திறக்கக்கூடிய பயோஸ் அமைப்புத் திரையில் தெரியும் அளவை மட்டும் நம்பி முடிவெடுக்காதீர்கள். மின்சேமிப்பு அங்கே முழுமையாக இயங்காததால், சும்மா இருக்கும்போதும் எண் கூடுதலாகவே தெரியும். பெட்டியை மூடி, மத்தியான வெயிலில், வேலை ஓடும்போது பாருங்கள். சோழகக் காலத்தில் முன்பக்க வடிகட்டியில் புழுதி அப்பிக்கொள்ளும். அதைக் கழுவிப் பூட்டியதிலேயே எனக்கு 5 பாகை குறைந்தது.

சேமிப்புச் சேர்வரில் அதிகம் கவலைப்பட வேண்டியது வன்தட்டுகளைப் பற்றித்தான். புரொசசர் சூடேறினால் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்; வன்தட்டுக்கு அந்த வசதி இல்லை. வன்தட்டின் நிலையைச் சொல்லும் ஸ்மார்ட்சிடிஎல் கட்டளை காட்டும் பட்டியலில், 194 என்ற எண்ணுள்ள வெப்பநிலை வரியைப் பாருங்கள். எனக்கு அது 49 பாகையில் நின்றது. கூலருக்குக் கேட்ட விலையில் ஒரு சிறு பங்கைக் கொடுத்து 120 மில்லிமீற்றர் மின்விசிறி ஒன்றை வாங்கி வன்தட்டுகளுக்கு முன்னால் பூட்டினேன். இப்போது 41.