சாரும் மெக்பெத்தும் ஒரு கெமிஸ்ட்ரி வாத்தியாரும்

நம்ம இங்கிலீஷ் சார் போய்விட்டார் என்று குரூப்பில் செய்தி வந்ததும் ஆளாளுக்குக் கைகூப்பிய படம் போட்டார்கள், நானும் போட்டேன், ஆனால் எனக்கு முதலில் வந்தது துக்கம் இல்லை, பழைய கோபம்தான்.

சனிக்கிழமை ஸ்பெஷல் கிளாஸ் யாருக்கும் மறந்திருக்காது. பாடத்தில் இல்லாத ஷேக்ஸ்பியரின் மெக்பெத் நாடகத்தை, அரசரைக் கொன்று பட்டத்துக்கு வந்தவனின் கதையை, அவர் பாட்டுக்கு நடத்துவார். மெக்பெத்தின் பெண்டாட்டி, அந்த ராணி, தூக்கத்தில் நடந்து வந்து, இல்லாத ரத்தத்தைக் கழுவிக் கழுவி, அரேபியாவின் அத்தர் எல்லாம் கொட்டினாலும் இந்தச் சின்னக் கை மணக்காது என்று புலம்புகிற இடம். நான் விடிகாலையில் காசிமேடு மீன் ஏலத்தில் அம்மாவுக்குக் கூடை தூக்கிவிட்டு நேராக வந்து உட்கார்ந்தவன். சார் என் பெஞ்சுக்கு வந்து கையைத் தூக்கிப் பிடித்து, "தோ, இந்தக் கை மாதிரி" என்றார். வகுப்பே சிரித்தது. சிரித்தவர்களில் சிலர் இதைப் படித்துக்கொண்டிருப்பீர்கள், பரவாயில்லை.

அதே மனிதர்தான் இன்னொன்றும் சொல்லிக்கொடுத்தார். ரத்தத்தில் இவ்வளவு தூரம் இறங்கிவிட்டேன், இனித் திரும்புவதும் அக்கரை போவதும் ஒரே அலுப்புதான் என்று மெக்பெத் சொல்வான் இல்லையா, அதற்கு அவர் நோட்ஸ் கொடுக்கவில்லை. "மழையில கணேசபுரம் சப்வேல பாதி தூரம் போயிட்ட, தண்ணி இடுப்புக்கு வந்துடுச்சி, இப்ப இன்னாடா பண்ணுவ?" என்று கேட்டுவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டார்.

ரொம்ப வருஷம் கழித்து ஷார்ஜாவில் ரூம்மேட் ஒருவன் 'பிரேக்கிங் பேட்' போட்டுக் காட்டினான். 2008-லிருந்து 2013 வரை வந்த அமெரிக்க சீரியல். புற்றுநோய் வந்த கெமிஸ்ட்ரி வாத்தியார் வால்டர் வைட், குடும்பத்துக்குப் பணம் சேர்க்கிறேன் என்று போதைமருந்து காய்ச்சப் போகிறார். முதல் எபிசோடிலேயே பகுதிநேர வேலையாகக் கார் கழுவுகிறார், அவரிடம் படிக்கிற பையனின் காரையே. எனக்கு உடனே சார் ஞாபகம்தான். எம்.சி. ரோடு துணிக்கடையில் ராத்திரி பில் போடுவாரே, நம்மைப் பார்த்தால் தலையைக் குனிந்துகொள்வாரே.

அரசர் டங்கனைக் கொல்லுமுன் மெக்பெத் கணக்குப் போடுகிறான்: சொந்தக்காரர், அரசர், என் வீட்டு விருந்தாளி. வால்டரும் பிடித்துவைத்த ஆளைக் கொல்லலாமா வேண்டாமா என்று காகிதத்தில் இரண்டு பக்கமாகப் பிரித்து எழுதுகிறார், அசல் வாத்தியார் வேலை. அப்புறம் யாருக்கும் கணக்குக் கிடையாது. அவன் தன்னை எதிர்த்த மெக்டஃபின் பெண்டாட்டி பிள்ளைகளைக்கூட விடவில்லை. இவர் சிறைக்குள் ஆட்களைக் கொல்ல ஏற்பாடு செய்துவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். அந்த ராணி கையைக் கழுவினாள். வால்டரின் மனைவி ஸ்கைலர் கள்ளப்பணத்தை வெள்ளையாக்க அந்தக் கார் கழுவும் கடையையே வாங்கிவிடுகிறாள். சார் இதைக் கேட்டிருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பார்.

ஆனால் மெக்பெத்தான் நேர்மையானவன் என்று எனக்குப் படுகிறது. பேராசையைத் தவிர வேறு காரணம் இல்லை என்று கொலைக்கு முன்னாடியே ஒப்புக்கொள்கிறான். வால்டர் கடைசி எபிசோடில்தான் வாயைத் திறக்கிறார்: எனக்காகத்தான் செய்தேன், பிடித்திருந்தது, நன்றாகவும் செய்தேன் என்று. அதை மட்டும் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன்.

அத்தர் கடைகள் வரிசையாக இருக்கிற இந்த ஊரில்தான் பாதி ஆயுசைக் கழித்திருக்கிறேன், சார் வாயில் என்ன இருந்ததோ. தங்கச்சி கல்யாணம் முடிந்தால் வந்துவிடுகிறேன் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு வந்தேன். கல்யாணம் முடிந்தது, காசிமேட்டில் வீடும் கட்டியாயிற்று. அப்புறமும் விசாவைப் புதுப்பித்துக்கொண்டே இருந்தேன். பையன் நமக்காகத்தான் அங்கே கிடந்து கஷ்டப்படுகிறான் என்று அம்மா கடைசிவரை எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாராம்.